ரோகிணி கோட்போலே செய்த இயற்பியல் என்ன?

26 அக்டோபர் 2024

ஒரு வாசகரின் கேள்வி: "பேராசிரியர் ரோகிணி கோட்போலே நேற்று காலமானார். எந்தச் செய்தியைப் பார்த்தாலும் 'அறிவியலில் பெண்களுக்காகக் குரல் கொடுத்தவர்' என்பதுதான் முதல் வரி. அவர் செய்த இயற்பியல் என்ன என்று ஒருவரும் எழுதக் காணோம். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். குழு, கூட்டம், அறிக்கை என்று அலைந்த நேரத்தை ஆராய்ச்சியில் போட்டிருந்தால் இன்னும் பெரிய பெயர் எடுத்திருப்பார். நான் நினைப்பது தப்பா?"

26 அக்டோபர், இரவு

முதல் பாதி நியாயமான ஆதங்கம். இரண்டாவது பாதி தப்பு என்றே நினைக்கிறேன். முதலில் இயற்பியலைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சண்டைக்கு வருகிறேன்.

அவர் துகள் இயற்பியல்காரர். கோட்பாட்டுப் பக்கம். ஆனால் சமன்பாட்டோடு நின்றுவிடும் வகை இல்லை. "இந்தத் துகள் இருந்தால் துகள்களை வேகமாக்கி மோதவிடும் முடுக்கியில் எப்படித் தெரியும், எதனோடு குழம்பும், எப்படிப் பிரித்தெடுப்பது" என்று கணக்குப் போட்டுக் கொடுப்பவர். சோதனை செய்கிறவர்களுக்கும் கோட்பாட்டாளர்களுக்கும் நடுவில் நிற்கிற வேலை அது.

அவர் பெயர் நிற்கும் கணக்கு 1991இல் வந்தது. மானுவேல் ட்ரீஸ் என்பவரோடு சேர்ந்து எழுதியது. நிலைமை இதுதான். புரோட்டான்களை மோதவிட்டால் வருவது கல்லும் பதரும் கலந்த மூட்டை. புரோட்டானுக்குள் குவார்க்குகள் என்ற இன்னும் சின்னத் துகள்களும், அவற்றை ஒட்டிப்பிடிக்கும் குளுவான்களும் இருப்பதால் ஏகப்பட்ட குப்பை தெறிக்கும். எலெக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானையும் மோதவிட்டால் புடைத்த அரிசி மாதிரி சுத்தமாக இருக்கும் என்பது எல்லோருடைய நம்பிக்கை. அதனால்தான் இரண்டு துகள் கற்றைகளை நேர்கோட்டில் எதிரெதிரே ஓட்டி மோதவிடும் பெரிய நேர்கோட்டு மோதுவிகளைக் கட்டத் திட்டமிட்டார்கள்.

ட்ரீஸும் கோட்போலேயும் அந்த முறத்திலேயே கல் இருக்கிறது என்று காட்டினார்கள். கற்றைகளை மிகவும் நெருக்கிப் பிடிக்கும்போது ஒரு கற்றையின் புலம் எதிரே வரும் கற்றையை வளைக்கிறது. வளையும் துகள் ஃபோட்டானை உமிழும். ஃபோட்டான் வெறும் ஒளிதானே என்று விடமுடியாது. அதிக ஆற்றலில் ஃபோட்டானும் உள்ளே குவார்க்குகளும் குளுவான்களும் உள்ள ஒரு பொருளைப் போல நடந்துகொள்ளும். இப்படிப்பட்ட இரண்டு ஃபோட்டான்கள் மோதினால் குவார்க்குகளால் ஆன ஹாட்ரான் துகள்கள் கொட்டும். நாம் தேடுவது அடியில் மறைந்துபோகும். இயந்திரத்தை எப்படி வடிவமைக்கிறோம் என்பதைப் பொறுத்து இந்தப் பின்னணி எவ்வளவு வரும் என்று அவர்கள் எண்ணிக் காட்டினார்கள். அதற்கப்புறம் அந்த மாதிரி மோதுவியை வடிவமைக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்காமல் மேலே போகமுடியாது.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இருந்தபோது செய்த வேலை இது. ஒரு வரியில் கேட்டால்: கட்டுவதற்கு முன்னாலேயே எங்கே குப்பை விழும் என்று சொன்னவர்.

27 அக்டோபர் 2024

நேற்று எழுதியதில் பிழை. 1991இல் அவர் பெங்களூரில் இல்லை. அமெரிக்காவில் ஸ்டோனி புரூக்கில் 1979இல் பிஎச்டி முடித்துத் திரும்பியதும் மும்பை டாடா ஆராய்ச்சிக் கழகத்தில் மூன்று ஆண்டுகள். அப்புறம் 1982 முதல் 1995 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். பெங்களூருக்கு வந்தது 1995இல்தான்.

இது வெறும் இடப்பெயர்த் திருத்தம் இல்லை. பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவர்களுக்கு விளங்கும். பாடத்திட்டக் கூட்டம், வினாத்தாள், விடைத்தாள் கட்டு, செமஸ்டர் முடிவு. இவற்றுக்கு நடுவில் ஒரு கணக்கை மாதக்கணக்கில் மனதில் சுமந்துகொண்டு திரிவது எவ்வளவு கடினம் என்று நான் அறிவேன். பெரிய ஆய்வு நிறுவனத்தில் உட்கார்ந்துதான் பெரிய வேலை செய்யமுடியும் என்று நானும் உள்ளூர நம்பியிருக்கிறேன் போல. அதனால்தான் கை தானாகப் பெங்களூர் என்று எழுதிவிட்டது.

28 அக்டோபர் 2024

இன்னொன்றும் சொல்லவேண்டும், சுருக்கமாக. 1983இல் சந்தீப் பக்வாசா, டி.பி. ராய் ஆகியோரோடு எழுதிய கட்டுரை. குவார்க் வகைகளிலேயே கனமான டாப் குவார்க்கை இன்னும் யாரும் பார்க்காத காலம். அதைத் தேடும்போது சிதைவில் வரும் எலெக்ட்ரானோ, அதன் கனமான உறவான மியூவானோ தனித்து வருகிறதா, துகள் கூட்டத்துக்கு நடுவில் ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று பாருங்கள் என்றார்கள். லேசான குவார்க்கிலிருந்து வருவது கூட்டத்தோடு வரும். கனமான டாப்பிலிருந்து வருவது தனியாக நிற்கும். டாப் குவார்க் ஃபெர்மி ஆய்வகத்தில் 1995இல் கிடைத்தது. தனித்து நிற்கிறதா என்று பார்க்கும் அந்த வழி இன்றும் மோதுவிச் சோதனைகளில் அன்றாடப் புழக்கத்தில் இருக்கிறது.

ஹிக்ஸ் துகளின் பண்புகளை எப்படி அளப்பது என்பதிலும் நிறைய எழுதியிருக்கிறார். அதில் இறங்கினால் இரவு முழுக்க எழுதவேண்டும். விட்டுவிடுகிறேன்.

2 நவம்பர் 2024

இப்போது கேள்வியின் இரண்டாவது பாதி. நேரத்தை எங்கே போட்டார் என்பது.

முதலில் பட்டியல். இந்திய அறிவியல் அகாதெமியின் பெண்களுக்கான குழுவுக்குத் தலைமை ஏற்றார். ராம் ராமசாமியோடு சேர்ந்து 2008இல் இந்தியப் பெண் அறிவியலாளர்கள் ஏறக்குறைய நூறு பேர் பற்றிய கட்டுரைகளைத் தொகுத்தார். பலர் தங்கள் கதையைத் தாங்களே எழுதியிருப்பார்கள். நூலின் பெயர் 'லீலாவதியின் மகள்கள்'. கணித அறிஞர் பாஸ்கராச்சாரியரின் மகள் என்று சொல்லப்படும் லீலாவதி. முகூர்த்த நேரம் பார்க்க வைத்த நீர்க்கடிகாரத்துக்குள் அவள் நகையிலிருந்து ஒரு முத்து விழுந்து ஓட்டையை அடைத்தது, நேரம் தவறியது, கல்யாணம் நின்றது, அப்பா அவள் பெயரில் கணக்கு நூல் எழுதினார் என்று கதை. சின்ன வயதில் இதைக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அவளுக்குக் கணக்கு வந்ததா, அவள் தானாக ஏதும் போட்டுப் பார்த்தாளா என்று கதை சொல்லவே இல்லை. நூலின் பெயரைப் பார்த்தபோது அந்தப் பழைய கோபத்துக்கு யாரோ பதில் சொன்னதுபோல இருந்தது.

நான் அழுத்திச் சொல்ல வருவது 2010இல் வந்த அறிக்கையை. அனிதா குரூப்பும் அவர் குழுவினரும் கோட்போலேயும் சேர்ந்து செய்தது. அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், பயிற்சி பெற்ற அறிவியல் பெண் ஆற்றல்: எவ்வளவு இழக்கிறோம், ஏன்? தலைப்பைத் திரும்பப் படித்துப் பாருங்கள். பாவம் பெண்கள் என்ற தொனியே அதில் இல்லை. எவ்வளவு, ஏன், இரண்டே கேள்விதான். பிஎச்டி வரை வந்த பெண்கள் எங்கே போனார்கள் என்று ஆட்களைத் தேடிப்பிடித்துக் கேட்டார்கள். அதுவரை எல்லோரும் சொன்ன பதில்: கல்யாணம், குழந்தை, அவர்களாகவே விட்டுவிட்டார்கள். கேட்டுப் பார்த்தால் பலர் சொன்னது வேறு. வேலை கிடைக்கவில்லை.

1991 கட்டுரையைப் படித்த கண்ணோடு இதைப் படித்தால் கை ஒன்றுதான் என்று தெரிகிறது. எல்லோரும் "அது ஒரு பொருட்டே இல்லை" என்று ஒதுக்கியதை எடுத்து எண்ணிப் பார்க்கிற கை. அதனால்தான் இதையும் ஆராய்ச்சி நேரத்தில் சேர்க்கவேண்டும் என்கிறேன்.

9 நவம்பர் 2024

என் கதையை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். எழுதுகிறேன்.

நான் தொண்ணூறுகளின் கடைசியில் பிஎச்டி செய்தேன். நிக்கல் துத்தநாக ஃபெரைட், அதாவது காந்தத்தன்மை உள்ள ஒரு பீங்கான் பொருள். பொடியை அரைத்து, வில்லையாக அழுத்தி, ஃபர்னஸில் 1200 டிகிரியில் சுட்டு எடுத்து அளவிடுகிற வேலை. எங்கள் ஃபர்னஸ் பழசு. தானாகச் சூட்டை ஏற்றி இறக்கும் வசதி இல்லாதது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நிமிடத்துக்கு ஐந்து டிகிரி வீதம் கையால் ஏற்றவேண்டும். ஆள் இல்லாமல் ஃபர்னஸ் எரியக்கூடாது என்பது லேப் விதி. அது சரியான விதிதான்.

கணக்கைப் பாருங்கள். லேப் திறப்பது ஒன்பதரை. 1200ஐத் தொட மதியம் ஒன்றரை ஆகிவிடும். அங்கே ஆறு மணிநேரம் நிறுத்தவேண்டும். ஏழரைக்கு இடுக்கியால் வில்லையைச் செக்கச்செவேல் என்று வெளியே எடுத்துக் குளிரவைக்கவேண்டும். பெண்கள் ஹாஸ்டலில் கையெழுத்து நேரம் ஆறரை.

ஆகவே நான் நான்கு மணிநேரம்தான் நிறுத்தினேன். ஐந்தரைக்கு எடுத்துவிட்டு, தூசு துடைத்து, சாவியைக் கொடுத்துவிட்டு, பாதி ஓட்டமும் நடையுமாக ஆறரைக்குள் கையெழுத்து. ஒரு கிராஃப் தாளில் இந்த நேரங்களைக் கோடாக வரைந்து, ஆறரையில் சிவப்புப் பென்சிலால் நெட்டுக்கோடு போட்டு ஃபர்னஸுக்கு மேலே ஒட்டிவைத்திருந்தேன். வெப்பநிலை கோடு எப்போதும் அந்தச் சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கமே இறங்கும்.

முடிவு என்ன? என் வில்லைகளின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 4.6 கிராம். அதே பொடியில் சீனியர் பையன் எடுத்தது 4.9. என் கைடு தாளைப் பார்த்துவிட்டு, அழுத்தம் சரியாகக் கொடுக்கிறாயா, பொடியை நன்றாக அரைக்கிறாயா என்றுதான் கேட்டார். நானும் மூன்று மாதம் இன்னும் நன்றாக அரைத்தேன். உள்ளங்கையில் அகேட் உரலின் குழவி பட்டுக் காய்த்துப்போனது. வித்தியாசம் இரண்டு மணிநேரச் சூட்டில் இருக்கிறது என்று எங்கள் இருவருக்குமே தெரியும். அவருக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

கடைசியில் அந்தச் சீனியர் பையனே எனக்காக மாலையில் உட்கார்ந்தான். ஆறு மணிக்கு ஸ்டூலிலிருந்து நான் எழுந்தால் அவன் உட்காருவான். நல்லவன், ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. என் முதல் கட்டுரையில் அவன் பெயரும் வந்தது. வரவேண்டியதுதான், உழைத்தவன் அவன். ஆனால் அவனுடைய கட்டுரைகளில் என் பெயர் இல்லை. அவனுக்கு ஆள் மாற்றிவிடத் தேவை வரவில்லையே.

10 நவம்பர் 2024

"அனுமதி கேட்டிருக்கலாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்டேன். ஒரு நாளைக்கு ஒரு கடிதம். அதில் கைடு கையெழுத்து, துறைத்தலைவர் கையெழுத்து, அப்பாவிடமிருந்து தபாலில் ஒரு கடிதம். மூன்று தடவை வாங்கினேன். நான்காவது தடவை அப்பா, "ராத்திரியில் அப்படி என்னம்மா வேலை?" என்று எழுதிக் கேட்டிருந்தார். அவருக்குச் சந்தேகம் எல்லாம் இல்லை. பாவம், கவலை. அதற்கப்புறம் நான் கேட்கவில்லை.

24 நவம்பர் 2024

ஃபர்னஸ் கதையைப் படித்துவிட்டு அன்னா மணியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். நல்ல இடத்தில் கேட்டார்கள்.

1918இல் பீர்மேட்டில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் 1939இல் ஹானர்ஸ் முடித்தார். எட்டாவது பிறந்தநாளில் வீட்டில் வைரத்தோடு கொடுத்தபோது அது வேண்டாம், கலைக்களஞ்சியத் தொகுதி வேண்டும் என்று கேட்டவர். காலம் அவரை நேராகக் கொண்டுபோய் வைரத்தின் முன்னாலேயே உட்காரவைத்தது. 1940இல் பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். ராமனிடம் வைரங்கள் நிறைய இருந்தன. அவை ஒளிரும் விதத்தையும், உறிஞ்சும் நிறமாலையையும் அன்னா மணி ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார். ஒளிப்படத் தட்டில் ஒரு நிறமாலை விழ 15 முதல் 20 மணிநேரம் வரை ஆகும். அந்தக் காலத்தில், அந்தப் பெண், இரவெல்லாம் லேபில் இருந்திருக்கிறார்.

இதைப் படித்த அன்று என் சிவப்புக் கோடு ஞாபகம் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டேன். 1940களில் கிடைத்த இரவு ஐம்பது ஆண்டு கழித்து எனக்குக் கிடைக்கவில்லை.

தனி ஆளாக ஐந்து கட்டுரைகள் எழுதினார். ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். எம்எஸ்சி இல்லை என்று சொல்லி இந்திய அறிவியல் கழகம் பிஎச்டி தர மறுத்தது. லண்டனுக்குப் போனார், வானிலைக் கருவிகளைப் படித்துவிட்டு வந்தார், இந்திய வானிலைத் துறையில் கருவிகளை உள்நாட்டிலேயே செய்யவைத்தார். ஓசோன் அளக்கும் கருவி, நாடு முழுக்கச் சூரியக் கதிர் அளக்கும் நிலையங்கள். கடைசிவரை 'டாக்டர்' இல்லை.

25 நவம்பர் 2024

திருத்தம். மறுத்தது இந்திய அறிவியல் கழகம் இல்லை, சென்னைப் பல்கலைக்கழகம். அந்த நாளில் கழகம் தானாகப் பட்டம் தருவதில்லை. பெங்களூரில் ஆய்வு செய்தவர்கள் சென்னைக்குத்தான் ஆய்வேட்டை அனுப்பவேண்டும். 1945 ஆகஸ்டில் அனுப்பினார். அந்த ஆய்வேடு இன்றும் ராமன் ஆராய்ச்சி நிறுவன நூலகத்தில் மற்ற ஆய்வேடுகளோடு இருக்கிறது. நம் ஊர்ப் பல்கலைக்கழகம் மறுத்ததை மனசு பெங்களூர்ப் பக்கம் தள்ளிவிட்டது. மன்னிக்கவும்.

8 டிசம்பர் 2024

முதல் கேள்வி கேட்டவரே திரும்ப வந்திருக்கிறார். "பெண் என்பதால் எனக்கு ஒரு வித்தியாசமும் இல்லை என்று அன்னா மணியே சொல்லியிருக்கிறாரே. பெண், பெண் என்று பேசுவதை அவர் விரும்பியதில்லை. அவர் வழிதான் சரி, கோட்போலே வழி தேவையில்லை என்று ஏன் எடுத்துக்கொள்ளக்கூடாது?"

இந்தக் கேள்வி என்னை இரண்டு வாரம் தூங்கவிடவில்லை. அவர் அப்படிச் சொன்னது உண்மை. அதை மழுப்ப எனக்கு விருப்பம் இல்லை.

முதலில் ஒரு பதில் எழுதி வைத்திருந்தேன்: அந்தத் தலைமுறைக்கு வேறு வழி இல்லை, புகார் சொன்னால் வெளியே போ என்பார்கள், ஆகவே புகாரே இல்லை என்று வாழ்ந்தார்கள் என்று. அழித்துவிட்டேன். எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்த ஒருவரின் வாயிலிருந்து வந்த வார்த்தையை, உங்களுக்குத் தெரியாமல் சொல்லிவிட்டீர்கள் என்று நான் திருத்துவது அகம்பாவம்.

இப்போது எனக்குத் தோன்றுவது: அவர் சொன்னது அவரைப் பற்றி. தன் திறமைக்கு ஆண் பெண் என்ற அடைமொழி வேண்டாம் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. கோட்போலே எண்ணியது ஒருவரின் அனுபவத்தை இல்லை, நூற்றுக்கணக்கானவர்களின் போக்கை. ஒரு துகள் எங்கே போனது என்பதைக் கொண்டு கற்றை எங்கே போகிறது என்று சொல்லமுடியாது. அன்னா மணி கடந்து வந்தார். அவரோடு அதே ஆய்வகத்தில் வேலை செய்த சுனந்தா பாய்க்கும் பட்டம் கிடைக்கவில்லை. அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரிடம் கேட்க முடிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? கடந்து வந்தவர்களிடம் மட்டும் கேட்டால் பாதை நன்றாகத்தான் இருக்கும்.

கோட்போலே தொகுத்த நூலில் அன்னா மணியும் இருக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்திய அறிவியல் அகாதெமியை 1934இல் தொடங்கியவர் ராமன். எழுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து அதே அகாதெமி வெளியிட்ட நூல் அது.

5 ஜனவரி 2025

"வேலை கிடைக்கவில்லை என்பது ஆண்களுக்கும்தானே?" ஆமாம். பிஎச்டி முடித்து, தற்காலிக வேலையில் முப்பத்தைந்து வயதைத் தொட்ட பையன்கள் எத்தனையோ பேரை எனக்கே தெரியும். அவர்கள் வலி குறைவானது என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் கேட்கப்படும் கேள்வி வேறு. ஓர் இன்டர்வியூவைச் சொல்கிறேன். ஊர் வேண்டாம், கல்லூரியும் வேண்டாம். பெஞ்சில் ஐந்து பேர் காத்திருந்தோம், நான் ஒருத்திதான் பெண். எனக்கு முன்னால் போய்வந்தவரிடம் என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். பிராக் விதி, நியூட்ரான் சிதறல், எம்எஸ்சிக்கு எந்தத் தாள் எடுப்பீர்கள். நான் உள்ளே போனேன். முதல் கேள்வி, கணவர் எங்கே வேலை பார்க்கிறார்? இரண்டாவது, அவருக்கு மாற்றல் வந்தால் என்ன செய்வீர்கள்? மூன்றாவது, குழந்தை சின்னதா? நான்காவதாகத்தான் ஃபெரைட் வந்தது. அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டு நன்றி சொல்லி வந்தேன். இப்போது நினைத்தால், "இதற்கும் பாடம் நடத்துவதற்கும் என்ன சம்பந்தம் ஐயா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கவேண்டும். கேட்டிருந்தாலும் வேலை கிடைத்திருக்காது. எனக்கு நிம்மதியாவது இருந்திருக்கும்.

அந்த இன்டர்வியூ முடிந்த அன்று என்னிடம் கேட்டிருந்தால் "குடும்பச் சூழ்நிலை" என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். அம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன். 2010 அறிக்கை சும்மா ஒரு படிவத்தை நிரப்பச் சொல்லி நிறுத்தாமல் துருவிக் கேட்டதன் அருமை அங்கேதான் எனக்குத் தெரிகிறது. இன்னொன்றும் அதில் வருகிறது. ஆராய்ச்சியில் நீடித்த பெண்களில் கல்யாணமே செய்துகொள்ளாதவர்களின் பங்கு, ஆண்களைவிடத் தெளிவாகக் கூடுதல். விருப்பப்பட்டு இருந்தவர்களும் இருப்பார்கள். இரண்டில் ஒன்று என்று தள்ளப்பட்டவர்களும் இருப்பார்கள்.

நவம்பர் 2இல் இரண்டு கணக்கும் ஒரே கை என்று எழுதியிருந்தேன். அந்த ஒப்பீட்டைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். மோதுவியில் பின்னணியைக் கழித்துவிடலாம், அது குப்பை. இங்கே பின்னணியில் கரைந்துபோனவர்கள்தான் நாம் தேடுகிறவர்கள்.

19 ஜனவரி 2025

விருது பற்றிப் பேச்சு வந்ததால் ஒரே ஒரு தகவல். இந்தியாவின் முக்கிய அறிவியல் பரிசுகளில் ஒன்றான சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசு 1958இல் தொடங்கியது. வேதியியலில் அசிமா சட்டர்ஜிக்கு 1961இலேயே கிடைத்துவிட்டது. இயற்பியல் பிரிவில் முதல் பெண் அதிதி சென் டே. ஆண்டு 2018. அறுபது ஆண்டு. பரிசுக்கு வயது வரம்பு 45. பிள்ளை பெற்று வளர்க்கும் வயதும், கையில் வேலை இல்லாமல் அலையும் வயதும் அந்த 45க்குள்தான் வருகின்றன.

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களில் உழைத்த விபா சௌத்ரியையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1940களின் தொடக்கத்தில் டி.எம். போஸோடு சேர்ந்து ஒளிப்படத் தட்டுகளில் மீசான் என்ற துகள்களின் தடங்களை அளந்து 'நேச்சர்' இதழில் எழுதியவர். டாடா ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் பெண் ஆராய்ச்சியாளர். இந்தியாவின் எந்த அறிவியல் அகாதெமியும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. 1991இல் இறந்தார். 2019இல் ஒரு நட்சத்திரத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

கோட்போலேக்கு 2019இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கிடைக்கவேண்டிய காலத்தில், உயிரோடு இருக்கும்போதே. அதற்காக எனக்கு மனசார மகிழ்ச்சி.

11 பிப்ரவரி 2025

இன்று அறிவியலில் பெண்களுக்கும் சிறுமிகளுக்குமான பன்னாட்டு நாள். எங்கள் கல்லூரியில் கோலம், கேக், பேச்சுப்போட்டி. நல்லதுதான், பிள்ளைகள் சந்தோஷமாக இருந்தார்கள்.

மதியம் லேபுக்குப் போனேன். இப்போதுள்ள ஃபர்னஸ் புதுசு, எண்களைத் தட்டிவிட்டால் தானே ஏறி இறங்கும். சுவரில் மாலைக்குப்பின் வேலை செய்வோர் பதிவேடு தொங்குகிறது. பத்து ஆண்டுகளாக அதன் பக்கத்திலேயே நடந்துபோகிறேன். இன்றுதான் எடுத்துப் புரட்டினேன். ஜூலையிலிருந்து 43 பதிவுகள். பெண் பெயர் இரண்டு. துறையில் ஆராய்ச்சி மாணவர் பதினொரு பேரில் ஏழு பேர் பெண்கள்.

ஒரு மாணவியைக் கூப்பிட்டு, ஏன்மா யாரும் கையெழுத்துப் போடவில்லை என்று கேட்டேன். "கேட்டதில்லை மேடம்" என்றாள். ஏன் கேட்கவில்லை என்றதும் படிவத்தை எடுத்துக் காட்டினாள். கீழே சின்ன எழுத்தில்: மாணவியர் பெற்றோரின் ஒப்புதல் கடிதத்தை இணைக்கவும். மாணவர்களுக்கு அந்த வரி இல்லை. இருபத்தைந்து ஆண்டாக நான் கோபப்பட்டுக்கொண்டிருந்த அதே கடிதம். என் துறையில், என் லேபில், பூனைக்குட்டி மாதிரி சுருண்டு படுத்திருக்கிறது. அந்தப் படிவத்தில் மேற்பார்வையாளர் என்ற இடத்தில் என் கையெழுத்துக்கும் கட்டம் இருக்கிறது.

அந்த வரியை எடுக்கச் சொல்லி இன்றே கடிதம் கொடுத்துவிட்டேன். இரவில் காவலர், ஹாஸ்டல் வரை துணைக்கு ஆள், வெளிச்சம், இவற்றையும் கேட்டிருக்கிறேன். இவை ஆண், பெண் இருவருக்கும் வேண்டும்.

2 மார்ச் 2025

கடிதம் திரும்பி வந்தது. மறுக்கவில்லை. ஓரத்தில் பச்சை மையில் ஒரு கேள்வி: "இதனால் பாதிக்கப்பட்டோர் எத்தனை பேர்?"

முதலில் சுருக்கென்றது. அப்புறம் இது சரியான கேள்வி என்று பட்டது. எத்தனை என்று என்னிடம் கணக்கு இல்லை, கதைதான் இருந்தது. ஒரு நீள நோட்டு வாங்கி நான்கு பத்தி கோடு போட்டிருக்கிறேன்: ஆண்டு, எந்தச் சோதனை, எத்தனை மணிக்கு நிறுத்தினாய், எத்தனை மணி வரை ஓடியிருக்கவேண்டும். இப்போதைய ஏழு பேரிடமும் பேசியாயிற்று. பழைய மாணவிகளுக்கு ஃபோன் செய்துகொண்டிருக்கிறேன். ஒருத்தி, நைட்ரஜனை மாலை ஐந்துக்கு நிறுத்தியதால் தன் வரைபடத்தில் கடைசிப் பகுதியே இல்லை, அதை ஆய்வேட்டில் "கருவியின் வரம்பு" என்று எழுதினேன் மேடம் என்றாள். அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

நேற்று இரவு வரை பதினேழு வரிகள். இதைப் படிக்கிறவர்களில் இந்த நான்கு பத்திகளையும் நிரப்ப முடிந்தவர்கள் பெயர் இல்லாமலே எழுதுங்கள். நேரத்தை மட்டும் தோராயமாகப் போடாதீர்கள். பழைய லேப் நோட்டு இருந்தால் பார்த்துவிட்டு எழுதுங்கள்.